நாலு மணி நேரத்தில் அமெரிக்கா

"தெரியாது" என்று சொல்ல எனக்குத் தெரியாது. தர்மபுரியில் வேன் வைத்து டிராவல்ஸ் நடத்துகிறவனுக்கு அது தொழில் வியாதி. திருப்பதி எத்தனை மணி நேரம், தர்மஸ்தலா எத்தனை மணி நேரம் என்று யார் கேட்டாலும் அடுத்த நொடியே பதில் வந்துவிடும்.

பாப்பாரப்பட்டியில் இருக்கும் என் மாமியார் முதல்முறையாக விமானம் ஏற வேண்டி வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சின்ன மகள் செல்விக்குத் தலைப்பிரசவம். மாமியாருக்கோ இடுப்பு வலி, வெளிச் சமையலையும் தொட மாட்டார். "ரொம்ப நேரம் உக்காரணும்னா நான் வரல" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டார். துணைக்கு ஆளில்லாமல் செல்வி அங்கே அழுதுகொண்டிருந்தாள்.

செல்வி அனுப்பியிருந்த டிக்கெட்டை நான் வாங்கிப் பார்த்தேன். பெங்களூரில் மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பி, அதே தேதி மாலை ஆறு மணிக்கு இறங்குகிறது.

"நாலே மணி நேரம்ங்க அத்தை. சென்னைக்கு பஸ்ல போறதவிடக் கம்மி."

மனைவிக்குச் சந்தேகம். "ஏங்க, பதினாலாயிரம் கிலோமீட்டர் இருக்குதுங்க."

வகுத்துப் பார்த்தேன். மணிக்கு மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வந்தது. (வேறு யாருக்காவது இந்த இடத்தில் உறைத்திருக்கும். எனக்கு விஞ்ஞானத்தின் மேல் மரியாதைதான் கூடியது.) "மேல என்ன, தொப்பூர் மலைப்பாதை மாதிரி லாரியா நிக்குது?" என்று அவள் வாயை அடைத்தேன்.

மாப்பிள்ளை பேச்சை மறுத்துப் பேசுவது மாமியாருக்குப் பழக்கமில்லை. ஏர்போர்ட் வாசலில், அவர் கட்டி வந்த மூன்று புளிச்சோற்றுப் பொட்டலங்களில் இரண்டை நான் வெளியே எடுத்தபோதும் பேசாமல் நின்றார். "நாலு மணி நேரத்துக்கு ஒண்ணே போதும்ங்க" என்றேன். திரும்பும் வழியில், கிருஷ்ணகிரி தாண்டி வண்டியை ஓரங்கட்டி அந்த இரண்டையும் நானே சாப்பிட்டேன். அருமையான புளிச்சோறு.

சரியாக ஆறு மணிக்குச் செல்விக்கு போன் போட்டேன். "அம்மா இறங்கிட்டாங்களா?"

தூக்கக் கலக்கத்தில் பேசினாள். "மாமா, இங்க இன்னும் விடியவே இல்ல. எங்க ஊர்ல சாயங்காலம் ஆறு மணியாக இன்னும் பதிமூணரை மணி நேரம் இருக்கு. மொத்தம் பதினேழரை மணி நேரம் மாமா. உங்களுக்குத் தெரியாதா?"

அந்த அம்மா ஒற்றைப் பொட்டலத்தோடு எங்கேயோ பறந்துகொண்டிருக்கிறார், மீதி இரண்டும் என் வயிற்றில் இருக்கின்றன. வெட்கமாக இருந்தது.

மறுநாள் செல்வி வீட்டிலிருந்து மாமியாரே கூப்பிட்டார். நாலு மணி நேரம் முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றாராம். பணிப்பெண் கையைப் பிடித்து உட்கார வைத்தாளாம், மூன்று முறை. அதற்கப்புறம் வாழைப்பழமும் தண்ணீரும்தான்.

"மன்னிச்சிருங்க அத்தை" என்றேன்.

"அதனால என்னங்க மாப்ள. அந்த ரெண்டு பொட்டலம் வெயில்ல கெட்டுப் போயிருச்சுங்களா?"

"கெடலைங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன்.

ஆறு மாதம் இருந்து, பேரனைக் குளிப்பாட்டித் தேற்றிவிட்டுத்தான் ஊர் திரும்பினார். எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும் இப்போது ஒரே கேள்விதான்: "நெசமான நேரமா, மாப்ள நேரமா?" மாமியார் மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. ஆனால் பாப்பாரப்பட்டியிலிருந்து தர்மபுரிக்கு, அரை மணி நேர ஓட்டத்துக்கு, நான் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்து சீட்டில் மூன்று புளிச்சோற்றுப் பொட்டலங்களை வைத்துவிடுகிறார்.

"எதுக்கும் இருக்கட்டுமுங்க மாப்ள."