வடக்கே போகவிருந்த சிலை

வாதத்தில் நான் தோற்றதே கிடையாது. இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு? என் பெயர் வெர்லின் ஸ்டக்கி. ஒஹையோவில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். என் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் கால்பந்து விஷயத்தில் என்னை மறுத்துப் பேசியவன் ஒருவன்கூட இல்லை.

"தொண்டையில சவரக்கத்தியை வெச்சுக்கிட்டு கேட்டா எவன் மறுத்துப் பேசுவான்?" என்பாள் என் மனைவி டார்லீன். அவள் அப்படித்தான். எனக்கு ஒரு பெருமை கொஞ்சம் வளர்ந்தால் போதும், உடனே கத்தரித்துவிடுவாள். கடை என்னுடையது, கத்தரி அவளுடையது.

எங்கள் ஊரில் கால்பந்து என்றால் கல்லூரிக் கால்பந்துதான். கையால் எறிகிற பந்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் வைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் வைக்கவில்லை. வருஷா வருஷம் டிசம்பரில், நாட்டிலுள்ள அத்தனை கல்லூரி ஆட்டக்காரர்களிலும் ஒரே ஒருவனுக்கு ஒரு வெண்கலச் சிலை கொடுப்பார்கள். பந்தை இடுப்பில் அணைத்து, மற்ற கையை எதிராளியைத் தள்ளுகிற மாதிரி நீட்டி நிற்கும் சிலை. பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் எந்த லட்சணத்தில் தேர்ந்தெடுப்பார்கள் என்பதைப் பற்றி என் கடையில் முடி வெட்டிக்கொண்ட எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை.

தகுதியில்லாதவன் கைக்குப் போன சிலைகள் பல உண்டு. ஆனால் டெல் கோவாச் ஆடிய வருஷத்தில் நடந்தது மாதிரி ஒரு அநியாயம் இந்த நாட்டில் நடந்ததில்லை. டெல் எங்கள் ஊர்ப் பையன். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே அணி. அவன் ஓடுவான், நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவன் ஓட்டத்தை என்னைவிடக் கிட்டத்திலிருந்து பார்த்தவன் உலகத்திலேயே கிடையாது. அவன் பந்தை வாங்கிக்கொண்டு கிளம்பினால் எதிர்த்து நிற்கிறவன் அம்மாவைக் கூப்பிடுவான். அந்த டெல்லை விட்டுவிட்டு, சிலையை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? ஜார்ஜியாவிலிருந்து வந்த ராய்ஸ் புரூயிட் என்பவனுக்கு. பந்தை எறிகிறவன். அழகாகச் சிரிப்பான், அவ்வளவுதான். அன்று முதல் அந்தப் பெயரைக் கேட்டாலே என் கை நடுங்கும். கையில் கத்தி இருக்கும்போது கை நடுங்குவது நல்லதல்ல என்பதால், கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

போன அக்டோபரில் ஜார்ஜியாவிலுள்ள அட்லாண்டாவிலிருந்து எங்கள் மகள் கெண்ட்ரா போன் பண்ணினாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். டார்லீன்தான் பேசினாள். பேசி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே ஏதோ வில்லங்கம்.

"என்னங்க, நம்ம கெண்ட்ராவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு."

"பலே! பையன் யாரு?"

"டால்டன்னு பேரு. அவகூட வேலை பாக்கறான். தங்கமான பையன்."

"தங்கத்துக்கு ஒரு குடும்பப் பேர் இருக்குமே?"

"புரூயிட்."

"ஜார்ஜியாவுல புரூயிட் ஆயிரம் பேர் இருப்பான். எந்த புரூயிட்?"

"அந்த புரூயிட்தாங்க. ராய்ஸோட மகன்."

என் சம்பந்தியா? ராய்ஸ் புரூயிட் எனக்குச் சம்பந்தியா? டெல் கோவாச்சின் சிலையைத் தட்டிப் பறித்தவன் மகனுக்கு, டெல் கோவாச்சோடு ஒரே அணியில் இருந்த நான் பெண் கொடுப்பதா? எழுந்து நின்று கையை உயர்த்தினேன்.

"கேட்டுக்கோ டார்லீன். அந்த ஆளு இந்த வீட்டுக்கு வரணும். என் மூஞ்சியைப் பாத்து, 'எனக்குத் தகுதியில்ல, அந்தச் சிலை எனக்கு வந்திருக்கக் கூடாது'ன்னு அவன் வாயால சொல்லணும். இல்லேன்னா நான் பொண்ணு கையைப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"பொண்ணு அழுவாளுங்க."

"அழட்டும். ஒஹையோவே அழுதுச்சு, யாராச்சும் கேட்டாங்களா?"

டார்லீன் எழுந்துபோய் காலண்டரைப் பார்த்தாள். பிறகு, "சரிங்க, சாப்பிடக் கூப்பிடறேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இத்தனை சுலபமாகச் 'சரிங்க' சொன்னதில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவனுக்குச் சந்தேகம் வருமா? எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை ஆட்டம் இருக்கும், அன்று யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். ஞாயிறு மாலை என்று ஏற்பாடு. அந்த வாரம் முழுக்க நான் தயாரானேன். டெல் ஓடிய தூரம், புரூயிட் எறிந்து கோட்டைவிட்ட பந்துகள் எல்லாம் மனப்பாடம். குளியலறைக் கண்ணாடி முன் நின்று பேசிப் பேசிக் கண்ணாடியே ஒத்துக்கொண்டது. டார்லீனோ புரூயிட்டின் மனைவி வாண்டாவோடு போனிலேயே குடியிருந்தாள். கேட்டால், "கல்யாணப் பூ விஷயம்" என்பாள். பூவுக்கு இவ்வளவு சிரிப்பு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு மாலை வந்தது. டையைக் கட்டிக்கொண்டு நான் கீழே இறங்கும்போது சம்பந்திகள் ஏற்கெனவே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ராய்ஸ் புரூயிட் கதவு அகலத்துக்கு இருந்தான். முட்டி வலியோடு எழுந்து நின்று கை கொடுத்தான். மரியாதை தெரிந்த ஆள். அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒத்துக்கொள்ள மனமில்லை, அது வேறு விஷயம்.

டார்லீன் மாட்டிறைச்சி ரோஸ்ட்டும், மசித்த உருளைக்கிழங்கும், பீன்ஸ் கேசரோலும் வைத்தாள். நான் தொண்டையைச் செருமினேன். முதல் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"மிஸ்டர் ஸ்டக்கி, சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன் சார்" என்றான் ராய்ஸ். "அந்தச் சிலைக்கு எனக்குத் தகுதியில்ல. அது எனக்கு வந்திருக்கவே கூடாது."

என் வாய் திறந்தபடியே இருந்தது. ஒரு வாரம் பேசிப் பழகினேன், ஒரு வார்த்தை பேசவிடாமல் சரணடைந்துவிட்டான். ஆனாலும் வெற்றி வெற்றிதானே? நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தள்ளியது. டார்லீனைப் பார்த்தேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பெரிய மனசு உங்களுக்கு" என்றேன் தாராளமாக.

"அதான் சார், உரியவன்கிட்ட திருப்பிக் கொடுத்துடலாம்னு கிளம்பிட்டேன். கார் டிக்கியில போர்வை சுத்தி வெச்சிருக்கேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "டெல் வீடு இங்கேர்ந்து ரெண்டு தெருதான். நானே வரேன், வாங்க."

"டெல்லா? டெல் மூணாவதுதானே சார் வந்தாரு? கால்ல அடிபட்டு கடைசி மூணு ஆட்டம் ஆடலையே. நான் ஒதுங்கினா அது ரெண்டாவது வந்தவருக்குத்தானே போகணும்? கிரெக் வான்டர்லான். சாப்பிட்டு முடிச்சதும் அப்படியே வடக்கே போறேன், மிச்சிகனுக்கு."

என் வீட்டுக்குள், என் மேஜையில், கால்பந்தில் எங்கள் பரம எதிரியான அந்த மாநிலத்தின் பெயரைச் சொல்லிவிட்டான்! ஒஹையோக்காரன் எவனும் அந்தப் பெயரை வாயால் சொல்லமாட்டான். 'வடக்கே இருக்கிற அந்த மாநிலம்' என்போம், அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வோம். என் கடையில் ஒருவன் தெரியாமல் சொல்லி, பாதி மழித்த முகத்தோடு வீடு போய்ச் சேர்ந்தான்.

"வான்டர்லானா?" என்றேன்.

"ஆமா சார். உங்களாலதான் எனக்கு இந்தப் புத்தி வந்துச்சு. நீங்க இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கீங்கன்னு டார்லீன் அம்மா சொன்னாங்க. வான்டர்லான்கிட்ட கொடுக்கும்போது உங்க பேரையும் சொல்லுவேன். ஒஹையோவுல வெர்லின் ஸ்டக்கின்னு ஒரு நியாயஸ்தர் இருக்காரு, அவர் கேட்டுக்கிட்டதாலதான் கொடுக்கறேன்னு."

"என் பேரையா!"

"டிவிக்காரங்களும் வருவாங்களாம்" என்றாள் வாண்டா, பீன்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டே. தேன் மாதிரி குரல்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"யோவ் ராய்ஸ், உனக்குத் தகுதியில்லேன்னு எவன் சொன்னான்?"

"நீங்கதான் சார்."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! உனக்கு மூளை வேணாமா? அந்த டெக்ஸாஸ் ஆட்டத்துல கொட்டற மழையில, விரல் ஒடிஞ்ச கையோட கடைசி நிமிஷத்துல பந்தை எறிஞ்சு ஜெயிச்சது யாரு? வான்டர்லானா?"

"அது ஏதோ அதிர்ஷ்டம் சார்."

"அதிர்ஷ்டமா! நாலு தடவை வந்தா அதுக்குப் பேரு அதிர்ஷ்டமா? அந்த வான்டர்லான் ஜெயிச்சதெல்லாம் யாரை? சொத்தை அணிகளை! எங்க ஊர் சர்ச் பாட்டுக் குழுவை இறக்கினாக்கூட அவனைவிட நல்லா ஆடியிருப்பாங்க!"

"ஆனா அவர் என்னைவிட வேகமா..."

"வேகத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நாயும்தான் வேகமா ஓடுது, சிலையா கொடுக்கறோம்?"

ராய்ஸ் மறுத்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தான். என்ன பிடிவாதம்! என் ஆயுசில் இப்படி ஒரு அடக்கமான முட்டாளைப் பார்த்ததில்லை. அவன் எறிந்த பந்து ஒவ்வொன்றையும் அவனுக்கே நினைவுபடுத்தினேன். கோட்டைவிட்டதாக நான் மனப்பாடம் செய்திருந்தவற்றுக்கெல்லாம், பிடிக்கத் தெரியாதவன் மேல் பழியைப் போட்டேன். உப்புக் குப்பியை ராய்ஸாகவும் மிளகுக் குப்பியை வான்டர்லானாகவும் வைத்து ஆடிக் காட்டினேன். மிளகைக் கவிழ்த்தேன். அத்தனைக்கும் அவன், "இல்ல சார், நியாயம்னு ஒண்ணு இருக்கே" என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

ஓடினேன். வாசலில் கார் டிக்கி திறந்திருந்தது. உள்ளே போர்வைக்குள் கனமாக ஏதோ படுத்திருந்தது. கை வைத்துப் பார்த்தேன். இரும்பாகக் குளிர்ந்தது. துணிக்கு மேலாகவே அந்த நீட்டிய கை தட்டுப்பட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"ஆகா! இந்தக் கையைப் பாரு!" என்றேன். "என்ன கம்பீரம்! இது வடக்கே போறதா? என் பிணத்து மேல ஏத்திட்டுப் போ! ராய்ஸ், நல்லாக் கேட்டுக்கோ, இது உன்னோடது. உன் ஒருத்தனோடது. உன்னைவிடத் தகுதியானவன் இந்தச் சிலையை வாங்கினதே இல்ல!"

ராய்ஸ் அழுதேவிட்டான் போலிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. வாண்டா என் கையைப் பிடித்தாள்.

"அப்ப கல்யாணத்துல உங்களுக்கு ஆட்சேபணை இல்லியே? பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவீங்கல்ல?"

"கையைப் பிடிச்சா? தோள்ல தூக்கிட்டு வரேன்! இப்படி ஒரு ஆட்டக்காரன் வீட்டுக்குப் பொண்ணு கொடுக்கக் கசக்குமா எனக்கு? ஆனா ஒண்ணு சம்பந்தி, காரை நேரா தெற்கே விடணும். வழியில யார் என்ன சொன்னாலும் திரும்பக் கூடாது."

டார்லீன் ஒரு டப்பா நிறைய கடலை வெண்ணெய்ச் சாக்லேட் உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள். டிக்கியை நானே மூடிக் கொடுத்தேன். கார் தெற்கே திரும்புகிறதா என்று தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஒஹையோவின் மானத்தைத் தனியாளாகக் காப்பாற்றியவன் எப்படி நடப்பான்? அப்படி நடந்துதான் வீட்டுக்குள் வந்தேன்.

டார்லீன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாடி? கத்தியே இல்லாம ஜெயிச்சேன்! எவ்வளவு பிடிவாதமா இருந்தான், எப்படி மாத்திட்டேன் பாத்தியா?"

"பாத்தேங்க. அழகாப் பேசினீங்க."

அவள் என்னைப் பாராட்டிவிட்டாள்! எனக்குத் தலை கால் புரியவில்லை.

"சிலை போக வேண்டிய இடத்துக்குப் போயிடுச்சு."

"சிலை எங்க போச்சு? அது ஜார்ஜியாவுல அவங்க வீட்டுச் சலவை ரூம்லதான் நிக்குது. அந்த நீட்டின கையில வாண்டா ஈரச் சட்டை காயப்போடுவாளாம்."

கழற்றிக்கொண்டிருந்த டையை அப்படியே விட்டேன்.

"அப்ப... டிக்கியில இருந்தது?"

"நம்ம கராஜ்ல துருப்பிடிச்சுக் கிடந்துச்சே உங்க பழைய சலூன் நாற்காலி, அதோட அடிப்பாகம். தூக்கிப் போடுங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிச்சுது. நீங்க மாடியில கண்ணாடிகிட்ட பேசிட்டிருந்தப்ப நாங்க மூணு பேருமா தூக்கி வெச்சோம். நீங்க ஆகான்னு தடவுனீங்களே ஒரு கை, அது நாற்காலியை ஏத்தி இறக்குற கம்பி. போற வழியில பழைய இரும்புக் கடையில போட்டுடறேன்னு ராய்ஸ் சொல்லியிருக்காரு."

நான் வாசல் பக்கம் பாய்ந்தேன்.

"ஓடாதீங்க, இந்நேரம் நெடுஞ்சாலையைப் பிடிச்சிருப்பாங்க" என்றாள் டார்லீன், கையைத் துடைத்துக்கொண்டே. "அந்த டிக்கி சரியா மூடலன்னு ராய்ஸ் திண்டாடினப்ப, மேல ஏறி உக்காந்து மூடிக் கொடுத்ததே நீங்கதானே!"