கறுப்புக் கையுறையும் டாலா படகும்

ஒரு படத்தைப் பார்க்காமலேயே அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவது பெரிய வித்தையெல்லாம் இல்லை. பார்த்த ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால் போதும். என் வீட்டில் ஸ்டெல்லா இருந்தாள்.

ஸ்டெல்லா என் மனைவி. ஓர் இத்தாலியத் திகில் பட இயக்குநர் மேல் அவளுக்குத் தனிப் பாசம். வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் படங்களைப் பார்ப்பாள். நான் பக்கத்திலேயே, தலையணைக்குப் பின்னால் இருப்பேன். (அந்த உறையில் எத்தனை பூ என்று எனக்கு மனப்பாடம்.)

"இப்ப என்ன நடக்குது?"

"ஒரு பொண்ணு வராந்தாவுல நடந்து போறா. சுவரெல்லாம் சிவப்பு. தக்காளிச் சிவப்பு இல்லீங்க, நகப்பூச்சுச் சிவப்பு. கதவைத் திறந்தா உள்ளே நீலம்."

"ஏன் நீலம்?"

"கனவுல இப்படித்தான் கேப்பீங்களா? பேசாம இருங்க."

இப்படியே அந்த மனிதரின் மொத்த வாழ்க்கையும் காது வழியாக எனக்குள் இறங்கிவிட்டது. பத்திரிகையில் பட விமர்சனம் எழுதியவர். மற்றவர்களுக்குக் கதை எழுதிக் கொடுத்து, பிறகு தானே இயக்க வந்தவர். கொலைகாரனின் முகத்தைக் கடைசிவரை காட்டமாட்டார். கறுப்புக் கையுறை மாட்டிய கைகள் மட்டும் வரும். அதுவும் பல நேரம் இயக்குநரின் சொந்தக் கைகளாம். வயதான பிறகு எடுத்த படங்களில் பழைய மிரட்டல் இல்லை என்று ஸ்டெல்லாவுக்கு வருத்தம்.

இதையெல்லாம் டீக்கடையில் என் சொந்த ஞானம்போல அவிழ்த்துவிட்டேன். ரங்கூன் கியாக்டடா பேட்டையில் குடைக்கடை வைத்திருக்கும் காதர் பாய் வாய் பிளந்து கேட்டார். அவர் ஒரு திரைப்பட வட்டம் நடத்துகிறார். பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு என் பெயருக்கு முன்னால் 'ஊ' போடுவார்.

"ஊ ராஜா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம ஹால்ல அவர் படம் போடுறோம். நீங்க மேடையில உக்காந்து, படம் ஓட ஓட விளக்கணும்."

முடியாது என்றால் நான் அந்தப் படங்களில் ஒன்றைக்கூடக் கண் திறந்து பார்க்காதவன் என்பது வெளிப்பட்டுவிடும். சரி என்றேன்.

உபாயம் ஒன்று வைத்திருந்தேன். திரைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்வது. (அறிஞர்கள் அப்படித்தான் உட்கார்வார்கள் என்று காதர் பாயிடம் சொன்னேன். நம்பினார்.) கையில் வயர் இல்லாத மைக். கடைசி வரிசையில் ஸ்டெல்லா.

படம் தொடங்கியது. யாரோ குழந்தை பாடுவதுபோல ஒரு பாட்டு. எதிரே நாற்பது முகங்கள் மெல்லச் சிவந்தன. பிறகு எல்லாம் நீலமாயின, பச்சையாயின. பழைய கட்டடத்தின் உயரமான சன்னல் வழியே மழை வாசனை வந்தது. அத்தனை பேரும் ஆற்றுக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ஸ்டெல்லாவின் முகத்தில் ஒரு வராந்தா வந்து போவதைக்கூடப் பார்த்தேன். பயமே இல்லை. இவ்வளவு அழகையா தலையணை வைத்து மறைத்தோம் என்று சொக்கிப்போய்ப் பேசிக்கொண்டிருந்தேன்.

"கொலைகாரன் யாருன்னு தெரியாது. கை மட்டும்தான் வரும். கறுப்புக் கையுறை. அது எப்பவும் பின்னாலேர்ந்துதான்..."

கரண்ட் போனது.

ரங்கூனில் கரண்ட் போவதற்கு யாரும் பதறுவதில்லை. காவலாளி கோ ஆங் பால்கனிக்குப் போய் ஜெனரேட்டரை முடுக்கினார். அது தொட்டால் ஷாக் அடிக்கிற ரகம். அதனால் அவர் முழங்கைவரை தடித்த கறுப்பு ரப்பர் கையுறை மாட்டியிருந்தார். என் நாற்காலிக்கால் வயர்மேல் நிற்பதைக் கவனித்து, அதை நகர்த்தச் சொல்ல நேராக என்னிடம் வந்தார், பாவம்.

முதுகுக்குப் பின்னால் திரை சட்டென்று எரிந்து, எதிரே முகங்கள் சிவந்தன. என் தோளில் ஒரு கறுப்புக் கை.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குக் கனவு மாதிரிதான். படிக்கட்டு சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கதவாகத் திறந்தது. தெருவில் பேருந்துகள் சத்தமே இல்லாமல் மிதந்தன. பெயிண்ட் உதிர்ந்த ஒரு சுவர்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பிறகு காற்று. கடற்பறவைகள். பழுப்பு ஆற்றின்மேல் பொன்னிற வெயில். சுயநினைவு வந்தபோது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் போகும் படகில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் கூடை நிறைய வாழைத்தாரோடு ஓர் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் என் கையில் இருந்தது. அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டாலா கரையில் இறங்கியதும் காதர் பாய் போன் அடித்தார்.

"ஊ ராஜா, எங்கே இருக்கீங்க?"

"டாலாவுல."

"மைக்கு?"

"அதுவும் டாலாவுலதான். பாய், கூட்டத்துல எனக்கு மயக்கம்னு சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? தெருமுனை வரைக்கும் நீங்க பேசினது அத்தனையும் ஹால் ஸ்பீக்கர்ல வந்துச்சே!"

"...என்ன பேசினேன்?"

"முதல்ல 'ஐயோ'. அப்புறம் படிக்கட்டுச் சத்தம். அப்புறம், 'மாதாவே, காப்பாத்து! ஒரு படமும் நான் பார்க்கலே! எல்லாம் ஸ்டெல்லா சொன்னது! இனிமே பொய் சொல்லமாட்டேன்!' பாதிப் பேர் அதுவும் படத்துல வர்ற சத்தம்னு நினைச்சுக் கைதட்டினாங்க."

"மீதிப் பேர்?"

"யார் ஸ்டெல்லான்னு கேட்டாங்க. அக்கா எழுந்து வந்தாங்க. இப்ப மேடையில அவங்கதான். போனை வைங்க, நல்ல இடம் ஓடுது."

திரும்பும் படகில் ஏறி ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஸ்டெல்லா மைக்கே இல்லாமல் கணீரென்று பேசிக்கொண்டிருந்தாள். ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோ ஆங் மட்டும் கையுறையைக் கழற்றிக் காண்பித்து, உள்ளே வெறும் கைதான் என்று சாட்சி சொன்னார்.

இப்போது திரைப்பட வட்டத்தின் அழைப்பில் 'டோ ஸ்டெல்லா' என்று, பெண்களுக்கான மரியாதைப் பட்டத்தோடுதான் போடுகிறார்கள். அவள் முன்வரிசையில் திரையைப் பார்த்து உட்கார்ந்து விளக்குகிறாள். நான் அவளுக்கு எதிரே ஒரு முக்காலி போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் முகத்தில் படம் பார்க்கிறேன். நல்ல படங்கள்.

வீட்டில் கரண்ட் போனால் என் மகள், "அப்பா, டாலாவா?" என்று கேட்டு வாசல் கதவைத் திறந்துவிடுகிறாள். கல்யாணம், ஞானஸ்நானம், எந்த விசேஷத்திலும் என்னைப் பேசக் கூப்பிட்டால், வயர் வைத்த மைக்தான் தருகிறார்கள். அதுவும் குட்டை வயர்.