ஆட்சேபணை நைனா ஆதரிக்கப் போன கதை

எண்ணூரில் ஆட்சேபணை நைனா எதிர்க்காதது ஏதாவது மிச்சமிருந்தால் அது சூரியன் ஒன்றுதான் என்று எங்கள் தெருவில் சொல்வோம். கடைசியில் அதற்கும் ஒரு கூட்டம் போட்டார்கள்.

ஆலை வருகிறது, துறைமுகம் பெரிதாகிறது என்று எந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தாலும் முதல் மைக் அவருக்குத்தான். "வன்மையாக ஆட்சேபிக்கிறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். காரணம் இல்லாமல் இல்லை. அவர் வீட்டுக் கொடியில் காலையில் வெள்ளை வேட்டி காயப்போட்டால், அனல்மின் நிலையப் புகையில் சாயங்காலம் சாம்பல் நிற வேட்டியைத்தான் எடுக்க முடியும். ஆனால் வாய் அதற்கே பழகிவிட்டது. அவருடைய தங்கை கஸ்தூரியின் கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தச் சொல்லி மைக்கைக் கொடுத்தோம். அங்கேயும் வன்மையாக ஆட்சேபித்தார். மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பந்தியில் எழுந்துவிட்டார்கள்.

அந்தக் கஸ்தூரிதான் பொன்னேரி தாண்டி, வாழ்க்கைப்பட்ட கிராமத்திலிருந்து போன் செய்தாள். ஊர்ப் பொது நிலத்தில் சோலார் வருகிறதாம். எல்லோருக்கும் சம்மதம்தான். ஆனால் ஏரிக்குப் போகிற ஆட்டுப்பாதையை மறித்து வேலி போடுவார்கள் போலிருக்கிறது. அவள் பிழைப்பே ஆடுகள்தான். "அண்ணே, சோலார் வேணும்னு சொல்லு. பாதய வுட சொல்லு. வேற எதும் பேசாத" என்றாள்.

துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் ஒத்திகை. 'ஆதரிக்கிறேன்' என்று சொல்லச் சொன்னால் அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டவர் மாதிரி நெளிந்தார். "இன்னா தோஸ்து, வாயி அந்தாண்டயே இஸ்துகினு போவுது" என்றார். மீஞ்சூர் வருவதற்குள் எது ஆதரவு, எது ஆட்சேபணை என்று எனக்கே குழம்பிவிட்டது.

பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். நைனா கண்ணை மூடிக்கொண்டு, இந்தத் திட்டத்தை வன்மையாக ஆட்சேபிப்பதாகச் சொன்னார். கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். உடனே மன்னிப்புக் கேட்டு, ஆதரிப்பதாகச் சொன்னார். முன்வரிசை கைதட்டியது. பின்வரிசை முதலில் சொன்னதற்கே இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. கம்பெனி அதிகாரி சட்டென்று எழுந்து, ஊரே ஆதரித்துவிட்டது, டீ சாப்பிடலாம் என்று முடிக்கப் பார்த்தார்.

நைனா மைக்கை விடவில்லை.

"இரு சார். எங்க ஊர்லயும் நல்லதுன்னுதான் சொன்னாங்கோ. தலயாட்டிகினே இருந்தோம். இன்னிக்கு சோத்துல சாம்பல் கீது. இது சாம்பல் கக்காது, அதான் ஆதரிக்கிறேன். ஆட்டுப்பாதைல வேலி போட்டா ஆட்சேபிக்கிறேன்."

"ஐயா, முடிவா ஆதரவா, எதிர்ப்பா?"

"ரெண்டுந்தான் சார்."

அதிகாரி விழித்தார். நானும் விழித்தேன். கஸ்தூரி எழுந்து, "எங்க அண்ணன் சொன்னதுதான் நாங்களும் சொல்றோம்" என்றாள். ஒவ்வொருவராக ஊரே எழுந்தது. பாதையை விட்டுத்தான் வேலி போடுவோம் என்று அதிகாரி எழுதிக் கொடுத்த பிறகே டீ வந்தது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். ஏரியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஆடுகள் வேலியோரம் விழுந்த சோலார் தகட்டு நிழலில் படுத்திருந்தன. கஸ்தூரி வீட்டுக் கொடியில் நைனாவின் வேட்டி தொங்கியது. துவைத்த துணியை மூட்டை கட்டி, பஸ் ஏறி வந்து இங்கேதான் காயப்போடுகிறாராம். வெள்ளை வெளேரென்று இருந்தது.

தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். முதல் மைக் அவருக்குத்தான். அவர் ஆட்சேபித்தால் பயப்பட வேண்டாம், எங்கள்மேல் அவ்வளவு பிரியம் என்று சம்பந்தியிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.