சேனாபதியின் இடது கண்

அரியமங்கலத்தில் மூன்று பெயிண்டிங் ஷெட். திருவானைக்காவலில் மாடி வைத்த வீடு. இரண்டு பெண்களின் கல்யாணம். சொந்தமாக ஒரு வேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முறிந்த பிறகு, யாரும் கை கொடுக்காமல் நான் உண்டாக்கியவை இவை. பெயிண்ட் டப்பாவின் மேல் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாத காலத்திலேயே மூடியை முகர்ந்து ரகம் சொன்னவன் நான். திருச்சியைத் தாண்டிப் போகும் லாரிகளில் பாதி, நான் நெற்றியில் வரைந்த கண்களால்தான் ரோட்டைப் பார்த்துப் போகின்றன.

இப்பேர்ப்பட்ட என்னை, கட்டைவிரல் உயரப் பொம்மைகளை வைத்துக்கொண்டு வயிறெரிய வைத்தவர் இந்தக் காவிரிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் ஒருவர்தான். ஸ்ரீரங்கத்தில் எல்லாரும் அவரைக் கம்பவுண்டர் என்பார்கள். ஒரு டாக்டரிடம் ஆயுசு முழுக்க மருந்து கலந்து கொடுத்து ஓய்வு பெற்றவர்.

பெங்களூரில் இருக்கும் அவர் மகன் ஒரு விளையாட்டுப் பெட்டியை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். மேஜைமேல் படைகளை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு. உள்ளே சாம்பல் நிறத்தில் முப்பது பிளாஸ்டிக் வீரர்கள், அதில் ஒருவர் சேனாபதி. வாங்கியவர்தான் வர்ணம் தீட்டிக்கொள்ள வேண்டுமாம். மகன் மறந்ததை அப்பா பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் டவுன் பஸ் பிடித்து, மாத்திரை டப்பாவோடு என் ஷெட்டுக்கு வந்தார். டப்பாவைத் திறந்தால் தோல் உரிந்த நாலு வீரர்கள்.

“முதலாளி, பெயிண்ட் ஒட்டவே மாட்டேங்கறது. வியாதி என்னன்னு பாரும்.”

“புது பிளாஸ்டிக்ல அச்சு எண்ணெய் இருக்கும் சாமி. நல்லா தேச்சுக் குளிப்பாட்டி எடுத்துட்டு வாங்க. முதல் பூச்சா பிரைமர் அடிச்சுத் தரேன்.”

மறுநாள் முப்பது பேரையும் கொண்டுவந்தார். எல்லாரும் கவச இடுக்கு, காது, மூக்கு என்று சேறு அப்பிக்கொண்டு நின்றார்கள்.

“என்ன சாமி இது?”

“எண்ணெய் போகணும்னு நீர்தானே சொன்னீர். சீயக்காய் தேச்சேன்.”

பல்குத்தும் குச்சியால் அந்தச் சீயக்காயைத் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆனது. பிறகு நான் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்னை எடுத்து முதல் வீரன்மேல் ஒரு அழுத்து அழுத்தினேன். ஆளைக் காணோம். ஷெட்டு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. ஏதாவது லாரியில் விழுந்து நாமக்கல் போய்ச் சேர்ந்திருப்பான்.

“போருக்கு முன்னாடியே வீர சொர்க்கம்” என்றார் கம்பவுண்டர்.

மீதி இருபத்தொன்பது பேரையும் பலகையில் ஒட்டி, காற்றைக் குறைத்து, தள்ளி நின்று, பனி விழுகிற மாதிரி பிரைமர் அடித்தேன். அதற்குமேல்தான் அவருடைய பெயிண்ட் நின்றது. இதை எங்கேயும் சொல்லத் தயார்.

அதன்பிறகு அவர் போட்ட ஆட்டம் இருக்கிறதே. பெயிண்டை மருந்து அளக்கும் கிளாஸில் விட்டு, சொட்டு மருந்துக் குழாயால் தண்ணீர் சேர்ப்பார். பாட்டிலைக் குலுக்காமல் தொடமாட்டார். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு சீட்டு: மேலங்கி, சிவப்பு, காலை ஒன்று, மாலை ஒன்று. இரண்டாவது கோட்டிங்கைச் சாப்பாட்டுக்கு முன் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வீரனைக் கேட்டு வாங்கிப்போய், வீட்டில் உட்கார்ந்து என் எனாமலால் தீட்டினேன். பளபளவென்று வந்தது. மூக்கு, வாய், கத்தி மட்டும் உள்ளே போய்விட்டன.

“கொழுக்கட்டைக்குக் கைகால் முளைச்சாப்ல இருக்குங்க” என்றாள் என் சம்சாரம்.

கம்பவுண்டர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “டோஸ் ஜாஸ்தி, முதலாளி.”

அவனைக் கரைசலில் ஊறப்போட்டு, எனாமலை உரித்து, நான் மறுபடி பிரைமர் அடித்துக் கொடுக்க, மூன்றே நாளில் ராஜகுமாரன் மாதிரி ஆக்கிக் காட்டினார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் பரவி, காலேஜ் பிள்ளைகள் பைக்கில் அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லாரும் அவரைச் சுற்றி உட்காருவார்கள். ஒரு பெண் என் கையில் செல்போனைக் கொடுத்து, “அங்கிள், லைட் மட்டும் கொஞ்சம் பிடிங்க” என்றாள். மூன்று ஷெட்டுக்கு முதலாளி, லைட் பிடித்தேன்.

தில்லைநகரில் ஒரு காபிக் கடையில், ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளைகள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொரு படைக்கும் முன்னால் தீட்டியவர் பெயர் எழுதிய அட்டை. நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“சாமி, அட்டையில பிரைமர்னு ஒரு வரி. அதுல என் பேரு.”

“சேனாபதிக்குக் கண் திறக்கட்டும், பாத்துக்கலாம்.”

கண் விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம். சிற்பிகள் மாதிரி, எல்லாம் முடிந்த பிறகுதான் கண். அதுவும் ராகு காலத்தில் கூடாது. இருபத்தெட்டுப் பேருக்கும் நேரம் பார்த்துத் திறந்துவிட்டார். சேனாபதிக்கு மட்டும் போர்க்களத்திலேயே திறப்பேன் என்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என் வேனில்தான் போனோம். காவிரிப் பாலத்தில் நெரிசல். தில்லைநகரில் வண்டியை நிறுத்தும்போது மணி நாலு இருபது. நாலரைக்கு ராகு காலம்.

கடைக்குள் மேஜைமேல் சேனாபதியை மட்டும் நிறுத்தி, கம்பவுண்டர் பிரஷ்ஷை எடுத்தார். கை நடுங்கியது. அன்று ஏகாதசி. காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. வலது கண்ணை எப்படியோ வைத்துவிட்டார். அடுத்ததற்குப் பிரஷ் மூக்குப் பக்கம் போனது.

“முதலாளி, நீர் போடும்.”

“நான் போடறது சாப்பாட்டுத் தட்டு சைஸ் கண்ணு, சாமி.”

“கண்ணு கண்ணுதான். மூச்சைப் பிடிச்சுண்டு வையும்.”

தலைமுடி கனப் பிரஷ். கடுகில் பாதி முகம். வைத்தேன். சற்றே ஓரமாகப் போய்விட்டது. சேனாபதி யாரையோ சந்தேகப்படுகிற மாதிரி இடது பக்கம் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாத உழைப்பு.

கம்பவுண்டர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நாலு இருபத்தெட்டு.

“இவர்தான் சேனாபதி. நேரே பாக்கறவன் சிப்பாய்.”

உள்ளே வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தக் கண்ணைத்தான் படம் எடுத்தார்கள். “தாத்தா, அந்தப் பார்வை செம. எப்படிப் போட்டீங்க?” கம்பவுண்டர் சிரித்தாரே தவிர வாய் திறக்கவில்லை. அட்டையைப் பார்த்தேன். ‘கம்பவுண்டர், ஸ்ரீரங்கம்’. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

திரும்பும்போது வேனை நான் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன். அம்மாமண்டபம் தாண்டியதும் அவரே சொன்னார்:

“கண் திறந்தவன் பேரை வெளியில சொன்னா, அவன் கைக்குத் திருஷ்டி. நாளைக்கும் நீர் லாரி வரைய வேண்டாமா?”

இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால், “இருக்கு, இருக்கு” என்பார்.

போன வருஷம் மகன் வந்து அவரைப் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டான். படையும் கூடவே போனது. அங்கேயும் கண்காட்சி, அங்கேயும் பிள்ளைகள் கூட்டம் என்று கேள்வி. யார் பிரைமர் அடித்துக் கொடுக்கிறார்களோ தெரியவில்லை. கன்னைக் கிட்டத்தில் பிடிக்காமல் இருந்தால் சரி.

ஆகவே இந்தப் பத்திரிகை மூலமாக அவருக்கும், அவர் மகனுக்கும், அட்டை எழுதும் பிள்ளைகளுக்கும் பகிரங்கமாகச் சொல்கிறேன். திருஷ்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் படையின் பிரைமர் முழுவதும் என்னுடையது. சேனாபதியின் இடது கண் என்னுடையது. அதை எழுதியே ஆக வேண்டும். தனி அட்டை கேட்கவில்லை. அதே அட்டை, அவர் பெயருக்குக் கீழே, ஒட்டினாற்போல இருந்தால் போதும்.