பொத்தான் பட்டறையின் மதிய ஓய்வு

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம். அக்காவின் முழங்கால் வலியும் உங்கள் கோபமும் இதற்குள் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தத்துவம் படித்து முடித்த உங்கள் மூத்த மகள் என் வேலைக்கே வரப்போவதாக அடம்பிடிக்கிறாள், "அது ஒழுங்கான வேலைதானா, ஒரே வரியில் பதில் போடு" என்று எழுதியிருந்தீர்கள். ஒரே வரி: ஒழுங்கான வேலைதான். மற்ற வரிகள் உங்களுக்கு அவசியமில்லை. ஆனாலும் எழுதாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது போலிருக்கிறது.

எங்கள் கம்பெனி சட்டை விற்கிறது. அந்தச் சட்டையின் துணியும் நூலும் பொத்தானும் யார் யார் கை மாறி வந்தன, வரும் வழியில் யாருடைய தண்ணீரையாவது கெடுத்தனவா, யாரையாவது வதைத்தனவா என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. இதற்கென்று படித்தவர் எங்களில் ஒருவருமில்லை. நான் இருபத்திரண்டு வருடம் பழைய ஆவணங்களின் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்து, துறையை இழுத்து மூடியதும் வந்தவள். விலங்கியல்காரர் ஒருவர், எறும்புகளை ஆராய்ந்தவர், ஆகவே பெயரே எறும்பு. இசை படித்த பெண் ஒருத்தி, அவள் சுருதி. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வேலையும் தெரியாது என்பது அலுவலகத்தின் பொதுவான அபிப்பிராயம்.

செவ்வாய்க்கிழமை ஒரு பொத்தான் பட்டறைக்குப் போனோம். நாங்கள் அனுப்பும் அறுபது கேள்விப் படிவத்தை இவ்வளவு அழகாக நிரப்பியவர்கள் வேறு யாருமில்லை. நாற்பத்திரண்டு தொழிலாளர், நாற்பத்தைந்து நிமிட மதிய ஓய்வு, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. போனால் வாசலில் நாற்பத்திரண்டு ஜோடிச் செருப்புகள் வரிசையாக இருக்கின்றன, உள்ளே ஒரு மனிதர் இல்லை. இயந்திரங்களைத் தொட்டால் சில்லிட்டிருந்தன. மேஜைமேல் நாற்பத்திரண்டு தம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மேற்பார்வையாளர் மட்டும் கை கூப்பினார். "எல்லாரும் ஓய்வுக்குப் போயிருக்காங்கம்மா." செருப்பு இல்லாமலா என்றேன். "வெறுங்கால்ல நடந்தா உடம்புக்கு நல்லதும்மா." ஒரு செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் விலைச்சீட்டு உரியாமல் இருந்தது.

வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். நாற்பத்திரண்டு பெயர், நாற்பத்திரண்டு விதமான கையெழுத்து. அத்தான், நான் முந்நூறு வருடத்துப் பொய்ப் பத்திரத்தையே கண்டுபிடித்தவள். சாய்வை மாற்றலாம், சுழியை மாற்றலாம், பேனாவைத் தூக்கும் இடத்தை மாற்ற முடியாது. எல்லாம் ஒரே கை. அதுவும் போகட்டும், வியாழக்கிழமைக் கட்டத்திலும் போட்டிருந்தது. "நாளன்னிக்கு வந்துடுவாங்கன்னு இப்பவே தெரியுமா?" என்றேன். "நம்பிக்கைதாம்மா," என்றார் அந்த மனிதர்.

இதற்குள் எறும்பு தரையில் குந்திக்கொண்டு, "மேடம், இங்க வாங்களேன், சாரை சாரையா அந்தப் பின்சுவருக்கு அடியில போகுது, வர்றதெல்லாம் சோத்துப் பருக்கையோட வருது" என்கிறார். ஐயா, நீங்க எறும்பைப் பார்க்காத இடம் உண்டா, எழுந்திருங்க என்றேன். சுருதி அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அக்கா, ஒரு முனகல் கேக்குது. ஓடாத மெஷின் எப்படி முனகும்?" ஃபேனா இருக்கும் என்றேன். "ஃபேனு மேல இருக்கு, சத்தம் சுவத்துக்குள்ள இருக்கு." ஆளுக்கொரு பட்டம் வாங்கிவைத்துக்கொண்டு அதைக் காட்ட இடம் தேடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல். எரிச்சலில், வகுப்பில் கேட்பதைப் போலக் காலி நாற்காலிகளைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்: "மதிய ஓய்வு எத்தனை நிமிஷம்?" நான் படிவத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சுருதி மட்டும் என் முழங்கையைப் பிடித்தாள். "நீங்க கேட்டதும் அந்தச் சத்தம் நின்னுடுச்சுக்கா."

புறப்படும்போது மாதிரிப் பொட்டலம் கேட்டோம். மேற்பார்வையாளர் பின்சுவரில் இருந்த சின்ன அலமாரியை இரண்டு தட்டுத் தட்டினார், கொஞ்சம் பொறுத்தார், திறந்தார், பொட்டலம் இருந்தது. அலமாரியைத் தட்டிவிட்டுத் திறக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன். மரியாதை தெரிந்தவர் போலும்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு மாடிப்படிச் சத்தத்தை எலி என்று நிரூபித்தவளும் நான்தான். இதற்கும் ஏதோ காரணம் இருக்கும். எனக்கோ சோதனைக் காலம் வெள்ளியோடு முடிகிறது. மேலாளர் போனில், "மேடம், படிவம் வந்தாத்தான் உங்களை நிரந்தரமாக்கற கடிதமும் வரும், ரொம்பத் தோண்டாதீங்க" என்றார். நாற்பத்தொன்பது வயதில் மூன்றாவது வேலை தேட எனக்குத் தெம்பில்லை. 'குறை ஏதுமில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைத் தபாலில் போகும்.

ஆகவே மூத்தவள் தாராளமாக வரட்டும். மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து செய்கிற கௌரவமான வேலை. அக்காவுக்கு என் அன்பு. வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் மைத்துனி.

பி.கு.: கடிதத்தை மடித்த பிறகு, என் சட்டையில் அறுந்துபோன பொத்தானுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாமென்று (கம்பெனிப் பொருள்தான், திட்டாதீர்கள்) அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே ஒரு அட்டைக் கிழிசல். பென்சில் எழுத்து. பதிவேட்டில் இருந்த கை அல்ல. அழுத்தி, அவசரமாக, கடைசி எழுத்து ஓரத்தைத் தாண்டி ஓடியிருக்கிறது. 'பன்னண்டு நிமிசம்.'

மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். படிவத்தைக் கிழித்துவிட்டேன். காலையில் தொழிலாளர் அதிகாரியைக் கூட்டிக்கொண்டு மூவரும் அந்தச் சுவருக்குப் போகிறோம், வேலை போகும். மூத்தவளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அதே இடத்தில் நிற்க அவளால் முடியுமா? நான் நிற்கவில்லை.