1784-ஆம் வருஷத்துப் பூட்டு

நான் பயந்தவன். இருட்டுக்குப் பயம், பல்லிக்குப் பயம், சூப்பர்வைசருக்குப் பயம். என் மனைவி மீனம்மாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நான் சரித்திரத்தில் இடம்பிடித்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

ஷிப்ட் இல்லாத நாளில் கடப்பாரையோடு கிளம்பிவிடுவேன். வல்லத்தைச் சுற்றி நான் தோண்டாத மேடு கிடையாது. கிடைத்த ஆணி, லாடம், வண்டிப் பட்டை எல்லாம் கட்டிலுக்கு அடியில், அப்புறம் கட்டிலுக்கு மேலே. நாங்கள் இருவரும் தரையில் படுத்தோம். மறைமலை நகர் இரும்பு பேக்டரி கேன்டீனில் வாயைத் திறந்தால் நவாப் காலம். வீட்டில் திறந்தால் பல்லவர் காலம்.

அன்றைக்கு ஒரு பூட்டு கிடைத்தது. ஒரே துரு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால், அடியில் ஒரு எண்: 1784. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"மீனம்மா! வெள்ளைக்காரன் கஜானாப் பூட்டு! வருஷமே போட்டுக்கீது பாரு! இருநூறு வருஷத்துத் துரு!"

அவள் பூட்டைப் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏரிக்கரை முனீஸ்வரன் பனமரத்தாண்டயா தோண்டினே?"

"ஆமா. உனக்கு எப்டி..."

"ஐயையோ! அது வாய்ப்பூட்டுய்யா! ஒருத்தர் வாயைக் கட்டணும்னு வேண்டிக்கினு பூட்டிப் பொதைக்கிறது. அத்தப் போயி வூட்டுக்கு எடுத்தாந்துட்டியே!"

"எடுத்தா... இன்னா ஆவும்?"

"எடுத்தவன் வாய் கட்டிக்கும். மொதல்ல தொண்டை காயும்."

காய்ந்தது.

"அப்பால நாக்கு ஒட்டிக்கும்."

ஒட்டியது. எச்சில் விழுங்கப் பார்த்தேன், இறங்கவில்லை. வல்லக்கோட்டை முருகனைக் கூப்பிட்டேன். பாதிப் பெயரில் குரல் நின்றது. 1784-ஐப் பற்றிக் கேன்டீனில் ஒருத்தனிடம்கூடச் சொல்லாமல் ஊமையாகவே செத்துப்போவேனோ என்று நிஜமாகவே அழுகை வந்தது.

"பரிகாரம்?" என்று கிசுகிசுத்தேன்.

"மண்ணுல எடுத்த இரும்பு ஒண்ணுகூட வூட்ல இருக்கக் கூடாது. பூட்ட அங்கியே திரும்பப் பொதைக்கணும்."

உடனே தலையாட்டினேன். பழைய இரும்பு வாங்கும் எல்லப்பன் வந்தார். பல்லவர்களையும் நவாப்களையும் ஒரே சாக்கில் அள்ளிக்கொண்டு, மீனம்மாளிடம் ஒரு எவர்சில்வர் அண்டாவைக் கொடுத்துவிட்டுப் போனார். எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு ஏது?

பனைமரத்தடியில் குழி தோண்டிப் பூட்டை இறக்கினேன். மீனம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி கல்லுப்பை அதன்மேல் போட்டாள்.

"உப்பா?" என்றேன் ஈனசுரத்தில். "துரு புடிச்சிடுமே?"

"புடிக்காம? போன ஆடிக் கிருத்திகைக் கடையில பளபளன்னு வாங்கியாந்து பொதைச்சேன். எப்டி ஆயிடுச்சி பாரு. இரும்பு பேக்டரில இன்னாத்தய்யா வேலை செய்யுறே?"

நான் கடப்பாரையைப் பிடித்தபடி நின்றேன். அவள் தாலிக்கயிற்றில் ஊக்கோடு தொங்கிய ஒரு குட்டிச் சாவியைக் கழற்றினாள். அதிலும் அதே எண்: 1784.

"பூட்ன கையோட சாவிய ஏரியில கடாசணுமாம். போன வாட்டி மறந்துட்டேன். அதான் பலிக்கல."

வீசினாள். தொபுக் என்றது தண்ணீர்.

என் லாடம்! என் வண்டிப் பட்டை! அடிப்பாவி, கட்டினது என் வாயையா! ஊரே கேட்கும்படி கத்த வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மீனம்மாள் முனீஸ்வரனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பலிச்சிடுச்சி, சாமி!"