காலி செய்த பக்கம்

என் மனைவியின் தையல் கடைக்கு வரும் மின்னஞ்சலை நானே நிறுத்திவிடுவது என்று திங்கட்கிழமை காலை முடிவு செய்தேன்.

துரோகம்தான். ஆனால் முந்தின நாள் அவள் சொன்னது அதைவிடப் பெரிய துரோகம்.

"ஏங்க, அடுத்த வாரத்துலேர்ந்து கம்ப்யூட்டரை நான் பார்த்துக்கறேன். நீங்க பட்டன் தைக்க வந்துடுங்க."

தூக்கிவாரிப் போட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கென்று மிஞ்சிய ஒரே நாற்காலி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் கிடப்பதுதான். கடையின் பெயரில் டொமைன் என்கிற இணைய முகவரியை வாங்கியதே நான்! நான் இல்லாவிட்டால் கடை என்னவாகும் என்று காட்ட வேண்டாமா?

வழி சுலபம். டொமைனின் பதிவுகளில் எம்எக்ஸ் என்று ஒரு வரி உண்டு. கடைக்கு வருகிற மின்னஞ்சலை எந்த சர்வரில் சேர்ப்பது என்று சொல்வது அதுதான். அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழித்தேன். இரண்டு நாளில் அழுதுகொண்டு வருவாள். திரும்பப் போட்டுக் கொடுத்து வீரனாவேன்.

செவ்வாய். அவள் பாடிக்கொண்டே துணி வெட்டினாள்.

புதன். "ஏம்மா, மெயில் ஏதாவது வந்துச்சா?"

"என் போன்ல வந்துச்சே. பள்ளிக்கூடத்துலேர்ந்து நூத்தம்பது சட்டை கேட்டிருக்காங்க."

"எப்படி வரும்?"

"ஏன், வரக் கூடாதா?"

ஓடிப்போய் மிச்சமிருந்த வரிகளையும் அழித்தேன். காலி செய்த வீடு மாதிரி வெறிச்சென்று கிடந்தது திரை.

வியாழன். "இன்னிக்கு ஏழு மெயில்ங்க!"

"வரவே வராதுடி! நான்தான் எல்லாத்தையும் அழிச்சுட்டேனே!"

கத்தரி நின்றது. நானும் நின்றேன், வாயைப் பொத்திக்கொண்டு.

"எங்க அழிச்சீங்க?"

"ஹோஸ்டிங் பக்கத்துல..."

"அதுவா?" கத்தரி மறுபடி ஓடியது. "பதிவெல்லாம் எங்க இருக்குன்னு உலகத்துக்குக் காட்டற நேம்சர்வரை நான் வேற கம்பெனிக்கு மாத்தி ரெண்டு மாசமாச்சு. எல்லாப் பதிவும் இப்ப அங்கதான் இருக்கு. நீங்க அழிச்ச பக்கத்தை உலகத்துல யாரும் எட்டிக்கூடப் பார்க்கறதில்ல."

இரண்டு மாதம்! தினமும் காலையில் அந்தப் பக்கத்துக்கு நான் காவல் இருந்தேனே!

"அப்போ அதோட பாஸ்வேர்டை ஏன் என்கிட்ட விட்டு வெச்சே?"

அவள் ஊசியில் நூலைக் கோத்து என்னிடம் நீட்டினாள்.

"பக்கத்து வீட்டுக்காரி குழந்தை கையில கெட்டுப்போன போனைக் கொடுத்து உட்கார வெக்கறா இல்ல? அதான்."

நூற்றைம்பது சட்டை. சட்டைக்கு ஆறு பட்டன்.